மரபணு ஆலோசனைக்கு எங்கே போவது: ஹைகிரவுண்டா, திருவனந்தபுரமா, வேலூரா, வீடியோவா?

"அக்கா, வேலூருக்கே போயிரட்டுமா, இல்ல இங்கயே ஒரு லேப்ல ரெத்தம் குடுத்துப் பாக்கட்டுமா?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. தென்காசியிலிருந்து, வள்ளியூரிலிருந்து, மேலப்பாளையத்திலிருந்து. கேட்பவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் நடை பிந்திய பிள்ளை, ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் கலைந்த கர்ப்பம், ஒரு வீட்டில் தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பேசி முடித்த கல்யாணம். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் இது வந்தபோது எங்கே முதலில் போவது என்று தெரியாமல் அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

என் சித்தி மகளுக்கு ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். அத்தை மகனைத்தான் கட்டியிருந்தாள். அவள் பையன் நான்கு வயதில் மாடிப்படி ஏறத் திணறினான். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுந்தான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகப் பருத்திருந்ததால் 'திடமான பிள்ளை' என்றே நினைத்திருந்தோம். பாளையங்கோட்டையில், தசை சேதத்தைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எடுத்தபோது இருநூறுக்குள் இருக்க வேண்டியது பதினாலாயிரம் என்று வந்தது. டுஷேன் தசைச்சிதைவு நோய் என்றார்கள்.

"சொந்தத்துல கட்டுனா இப்டித்தான்" என்று ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம். அதனால்தான் அவள் தங்கையை வைராக்கியமாக அசலில், சங்கரன்கோவில் பக்கம் கொடுத்தோம். இனி பயமில்லை என்று இருந்தோம். தப்பு. டுஷேன் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது. கட்டிய மாப்பிள்ளை சொந்தமா அசலா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தாய் கேரியராக, அதாவது தனக்கு நோய் வெளியே தெரியாமல் அந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவளாக, இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெண் பிள்ளை கேரியராகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை எங்களுக்கு ஒருவர் உட்கார்ந்து விளக்கியபோது சின்னவள் கர்ப்பமாகி மூன்று மாதம் தாண்டியிருந்தது.

இப்படிக் குடும்பத்தில் வரும் நோயை விளக்கிச் சொல்கிற அந்த ஒருவர்தான் மரபணு ஆலோசகர். அவரை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் எங்கே பார்ப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஊர்ப்பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ளவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நோய் உள்ளவருக்குப் பரிசோதனை முடிந்ததா? எல்லாவற்றுக்கும் மேலானது இதுதான். எந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பது நோயாளியின் ரத்தத்தில் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கோ, தங்கைக்கோ, வயிற்றுப் பிள்ளைக்கோ 'இருக்கிறது, இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடியும். நோயாளியை விட்டுவிட்டு மற்றவர்களைச் சோதிப்பது சாவியைக் கையில் எடுக்காமல் பூட்டைத் தேடிப் போவது மாதிரி. பிள்ளை மிகவும் முடியாமல் இருந்தால், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, பிள்ளை இருக்கும்போதே ரத்தம் எடுத்து டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் பிறக்கப்போகும் தம்பி தங்கைக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

கர்ப்பமா, எத்தனையாவது வாரம்? கர்ப்பம் இல்லாவிட்டால் உங்கள் கையில் காலம் இருக்கிறது. எவ்வளவு தூரமும் போகலாம். கர்ப்பம் என்றால் ஒவ்வொரு வாரமும் கணக்கு. வயிற்றுப் பிள்ளையைச் சோதிக்க நஞ்சுக்கொடித் திசுவில் மாதிரி எடுப்பது 11 வாரத்திலிருந்து. பனிக்குட நீர் எடுப்பது பெரும்பாலும் 16 வாரத்திலிருந்து. முடிவு வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். குடும்பத்தின் மரபணு மாற்றம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் அதற்கே ஒரு மாதம் தனியாகப் போகும். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்தின்படி, கருவில் பெரிய குறைபாடு என்றால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவக் குழுவின் முடிவோடு அனுமதி உண்டு. ஆனால் அந்த நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளாமல் இருப்பதுதான் நம் வேலை.

மொத்தச் செலவு. பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அம்மாவுக்கு நான்கு நாள் வேலூர் என்றால் நான்கு நாள் கூலி போச்சு. நடக்க முடியாத பிள்ளையைக் கூட்டிப்போக இரண்டாவது ஆள் வேண்டும், அவருக்கும் கூலி போச்சு. ஜங்ஷன் வரை கார், அங்கே தங்கும் அறை, ரிப்போர்ட் வாங்க மறுபடி ஒரு பயணம்.

எவ்வளவு நேரம், எந்த மொழியில் பேசுவார்கள்? மரபணு ஆலோசனையில் பேச்சுதான் பாதி வைத்தியம். ஐந்து நிமிட ஓ.பி.யில் மூன்று தலைமுறைக் கதை வெளியே வராது.

விஷயம் யார் காதுக்குப் போகும்? உள்ளூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் நின்றால் போதும், மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

## ஹைகிரவுண்ட்: திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி

பிள்ளைக்கு என்ன நோய் என்றே இன்னும் தெரியாதவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நோயின் பெயர் தெரியாமல் வேலூர் போனாலும் அங்கேயும் முதலில் பார்ப்பது இதே ரத்தம், இதே ஸ்கேன், இதே குழந்தை மருத்துவர் பரிசோதனைதான். தேசியச் சிறார் நலத்திட்டத்தில் மாவட்டந்தோறும் ஏற்படுத்திய ஆரம்பநிலை இடையீட்டு மையம் நம் மாவட்டத்துக்கும் உண்டு. பேச்சு, நடை, புத்தி வளர்ச்சி பிந்திய பிள்ளைகளை அங்கே ஒரே இடத்தில் பலரும் பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவே சீட்டு எழுதி அனுப்புவதும் உண்டு.

மாற்றுத்திறனாளி சான்று வாங்குவதற்கும் உள்ளூர்தான் வசதி. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவும், பரம்பரை ரத்த நோய்களான ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. இது தெரியாமல் உதவித்தொகையை விட்டவர்கள் நிறைய.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் காத்திருப்பதும் கூட்டமும்தான். மரபணுப் பரிசோதனை என்று வரும்போது மாதிரியை வெளியே அனுப்ப எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம், அந்தப் பணம் நம் கையிலிருந்து போகும். எழுதிக் கொடுக்கும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இந்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தா யார் எங்களுக்கு விளக்குவாங்க?" பதில் தெளிவாக இல்லையென்றால் ஆலோசகரைப் பிடித்த பிறகு டெஸ்ட் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு விதத்திலும் ஹைகிரவுண்ட் உதவியது. டுஷேன் கேரியரான பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகலாம், அவர்கள் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். சித்திக்கும் பெரியவளுக்கும் எக்கோ அங்கேதான் எடுத்தோம். பிள்ளையின் நோயைத் தேடிப் போகிறவர்கள் அம்மாவின் நெஞ்சைப் பார்ப்பதே இல்லை.

கண் நோய்க்கு மட்டும் வழி வேறு. இரவில் பார்வை மங்கி வருவது, பிறவிக் கண் குறை, குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகத் தெரிவது இவற்றுக்கெல்லாம் எஸ்.என். ஹைரோடு அரவிந்தில் காட்டி, தேவையென்றால் மதுரைக்குச் சீட்டு வாங்கிப் போவதுதான் நேர்வழி. அதிலும் கண்மணி வெள்ளை விழித்திரைப் புற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

## திருவனந்தபுரம்

நம் ஜனங்கள் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போவது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. மரபணு விஷயத்தில் அதற்கு இப்போது கூடுதலாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, அதாவது ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி, அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் உயர்சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் வந்த அந்தக் கொள்கையில், பட்டியலில் உள்ள நோய்களுக்கு இப்படிப்பட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவி தருகிறது. முதலில் 20 லட்சமாக இருந்ததை 2022-ல் உயர்த்தினார்கள். நோயாளி தனக்கு அருகிலுள்ள மையத்தை அணுகலாம் என்பதே கொள்கை. திருநெல்வேலிக்காரருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கிறது அது. சென்னை நான்கு மடங்கு தூரம்.

தாய்க்கும் சேய்க்குமான ஆஸ்பத்திரி என்பதால் கர்ப்பத்தையும் பிள்ளையையும் ஒரே வளாகத்தில் காட்டலாம். நரம்பு சம்பந்தமான நோய் என்றால் பக்கத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது.

சிரமமும் உண்டு. காலை ஓ.பி.க்கு நிற்க வேண்டுமென்றால் இங்கிருந்து நடு இரவில் கிளம்ப வேண்டும், இல்லை முதல் நாளே போய்த் தங்க வேண்டும். பாதித் தமிழ், பாதி மலையாளம் என்று ஓட்டிவிடலாம்; ஆனால் 'நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு' மாதிரிப் பேச்சு வரும்போது அரைகுறையாகப் புரிந்துகொண்டு திரும்பக் கூடாது. நன்றாக மலையாளம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே எதற்குச் செல்லும் என்பதையும் போவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிய வளர்சிதை மாற்ற நோய், தொடர்ந்து மருந்து ஊசி தேவைப்படும் நோய், அரசு நிதியுதவி இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலை, இவர்களுக்கு நான் முதலில் சொல்வது திருவனந்தபுரத்தைத்தான்.

## வேலூர்

வேலூர் சி.எம்.சி.யில் மரபணு மருத்துவத்துக்கென்று தனித்துறை இருக்கிறது. ரத்த நோய்களில் அவர்களுடைய அனுபவம் பெரிது. ஹீமோபிலியா ஏ நோய்க்கு அங்கே நடந்த மரபணு சிகிச்சை ஆய்வின் முடிவு 2024-ல் வெளியாகி உலகமே பேசியது. தலசீமியா, ஹீமோபிலியா, எலும்பு மஜ்ஜை மாற்று என்ற பேச்சு வந்தாலே வேலூரைத் தவிர்ப்பது கஷ்டம்.

அங்கே போவதன் உண்மையான பலன், மரபணு மருத்துவர் பிள்ளையை நேரில் பார்ப்பது. முகச்சாயல், காதின் அமைப்பு, விரல் நீளம், தோலில் உள்ள புள்ளிகள் இவற்றையெல்லாம் பார்த்து எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்கிற பழகிய கண் அது. பல டாக்டர்களிடம் காட்டியும் பெயர் கிடைக்காத நோய்க்கு அந்தக் கண் வேண்டும். வீடியோவில் அது கிடைக்காது.

ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு விதப் பதிவு உண்டு, பிரைவேட்டில் கட்டணம் கூடுதல். ஆன்லைனில் நாள் குறித்துக்கொள்ளாமல் போகாதீர்கள். ராணிப்பேட்டையிலும் வளாகம் இருக்கிறது, உங்களுக்குப் போட்ட துறை எந்த வளாகத்தில் என்று பார்த்துக்கொண்டு அறை எடுங்கள். ஒரு நாளில் முடியும் என்று எண்ணிப் போகிறவர்கள்தான் கையில் காசு தீர்ந்து தவிக்கிறார்கள். முதல் நாள் டாக்டர், மறுநாள் வேறு துறை, அதற்கடுத்த நாள் ரத்தம் என்று நீளும். நான்கைந்து நாளுக்குக் கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரே தடவையில் படிக்கும் எக்ஸோம் போன்ற பரிசோதனைக்கு முடிவு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். விளக்கம் கேட்க மறுபடி வர வேண்டுமா, போனில் முடியுமா என்பதை முதல் பயணத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வி எங்கள் பெரியம்மா மகனுக்கு ஒரு பயணத்தை மிச்சப்படுத்தியது.

எக்ஸோம் எடுத்தால் விடை கிடைத்தே தீரும் என்றும் நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு மேல் விடை இல்லாமலே திரும்புகிறார்கள். இன்னும் சிலருக்குப் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வரும். நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாத மாற்றம் அது. அதை வைத்துக் கர்ப்பத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி அலசச் சொல்லலாம், புதிதாக ரத்தம் கொடுக்கத் தேவையில்லை.

## வீட்டிலிருந்தே வீடியோவில்

2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு விதிமுறைகள் வந்த பிறகு இந்த வழி நன்றாகவே திறந்துவிட்டது. எங்களுக்கு விடிவு இதில்தான் வந்தது என்பதால் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை.

ஆலோசகர் தமிழ்ப்பெண். முக்கால் மணி நேரம் பேசினார். எடுத்த எடுப்பில், "பையனோட ஜீன் ரிப்போர்ட் எங்க?" என்றார். எங்களிடம் இல்லை. பிறகு கொடிவழி வரையத் தொடங்கினார். சித்திக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், யாராவது சின்ன வயதில் இறந்தார்களா என்று கேட்டார். சித்தி, "ஒரு அண்ணன், பதினாறு வயசுல போயிட்டான், பனையிலருந்து விழுந்தான்" என்றாள். "விழறதுக்கு முன்னாடி நல்லா நடந்தாங்களாம்மா?" என்று அவர் கேட்டதும் சித்தி பேசவில்லை. ஆச்சிதான் பின்னாலிருந்து சொன்னாள்: "எங்க நடந்தான், பத்து வயசுலயே அவன நாங்க தூக்கிட்டுல்லா திரிஞ்சோம். பனையில எங்கிட்டு ஏறுவான்?"

நாற்பது வருடமாக வீட்டில் யாரும் சொல்லாத கதை. கால் விளங்காத பையன் என்று தெரிந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு வரன் வராது என்று தாத்தா கட்டிவிட்ட கதையாம் பனைமரம். அந்த ஒரு வரியில் நோய் ஆச்சி வழியாக வருகிறது, சித்தி கேரியர், இரண்டு மகள்களுக்கும் பாதிக்குப் பாதி என்று படம் முழுமையாகிவிட்டது. என் அம்மாவும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டிலேயே, ஆச்சி பாக்கு இடித்துக்கொண்டிருந்த திண்ணையில் நடந்ததால்தான் இது வெளியே வந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கும் எண்பது வயது ஆச்சியை நாங்கள் கூட்டிப்போயிருக்க மாட்டோம்.

குறைகளும் இருக்கின்றன. ஆலோசகர் மருத்துவர் அல்ல. மருந்து எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது அவர் வேலை இல்லை. கட்டணம் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை, எந்தக் காப்பீட்டிலும் கேட்டு வாங்க முடியும் என்று நம்பி இறங்காதீர்கள். படிப்பு என்ன, இந்திய மரபணு ஆலோசனை வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும்: "நீங்க எந்த லேப்புக்காவது வேலை பாக்கீங்களா?" லேப் சம்பளத்தில் இருக்கும் நல்ல ஆலோசகர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## நேராக லேப்

எங்கள் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சின்னவள் எட்டாவது வாரத்தில் இருந்தபோது, யாரையும் கேட்காமல், ஒரு கலெக்‌ஷன் சென்டரில் அவள் ரத்தத்தைக் கொடுத்தோம். "எல்லா ஜீனும் பாத்துரும்" என்று சொல்லி எக்ஸோம் போட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேல் ஆனது. ஐந்து வாரம் கழித்து 'நார்மல்' என்று வந்தது. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

டுஷேனில் பெரும்பாலும் நடப்பது மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுப்போவது, இல்லை இரட்டிப்பது. அதைப் பிடிக்க எம்.எல்.பி.ஏ. என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது, எக்ஸோமை விட விலையும் குறைவு. கேரியரான பெண்ணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருந்தாலும் இன்னொன்று நன்றாக இருப்பதால், சாதாரண எக்ஸோம் அதைக் கோட்டைவிடலாம். முதலில் பையனுக்கு எம்.எல்.பி.ஏ., அதில் தெரிந்ததை வைத்து சித்திக்கும் மகள்களுக்கும் பார்ப்பது, இதுதான் வரிசை. ஆலோசகர் சொல்லி அப்படிச் செய்தோம். பையனுக்கு விடுபட்ட இடம் தெரிந்தது, சித்திக்கும் பெரியவளுக்கும் அதே இடம் விடுபட்டிருந்தது. சின்னவளுக்கு இல்லை. முதல் ரிப்போர்ட்டின் 'நார்மல்' சரிதான் என்று ஆனது. ஆனால் அதை நம்ப எங்களுக்கு எந்த ஆதாரமும் இருந்திருக்கவில்லை. உண்மையான விடை வந்தபோது பதினேழாவது வாரம். இருக்கிறது என்று வந்திருந்தால் பனிக்குட நீர் எடுத்து, முடிவு வர இருபதாவது வாரமாகியிருக்கும், பிள்ளை அசையத் தொடங்கியிருக்கும். அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

வரிசையின் அருமைக்கு இன்னொரு சாட்சி என் வீடு. அம்மாவுக்கு மட்டும் பார்த்தோம், இல்லை என்று வந்தது. எனக்கும் என் தங்கைக்கும் பரிசோதனையே தேவைப்படவில்லை.

லேபுக்கு நேராகப் போவது தப்பில்லாத இடமும் ஒன்று உண்டு. தலசீமியா, சிக்கிள் செல் கேரியரா என்று பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை. விலை குறைவு. கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பம் தெரிந்ததுமோ எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் கேரியர் என்று வந்தால் மட்டும் ஆலோசகரிடம் ஓடுங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது இதுவே நல்லது | கணக்கில் வராமல் போவது |
|---|---|---|
| ஹைகிரவுண்ட் | நோயின் பெயர் தெரியாதபோது, சான்றும் உதவித்தொகையும் வேண்டியபோது | காத்திருப்பு, வெளியே அனுப்பும் டெஸ்ட் செலவு, தெரிந்த முகங்கள் |
| திருவனந்தபுரம் | அரிய நோய், அரசு நிதியுதவி, கர்ப்பமும் பிள்ளையும் ஒரே இடத்தில் | முதல் நாள் தங்கல், மொழி |
| வேலூர் | பெயர் கிடைக்காத நோய், ரத்த நோய் | நான்கைந்து நாள் கூலி, அறை, இரண்டாம் பயணம் |
| வீடியோ | நோய் தெரியும், குடும்பத்துக்கு விளக்கம் வேண்டும். கர்ப்பத்தில் நேரமில்லை | உடல் பரிசோதனை இல்லை, ஆலோசகரின் தகுதி |
| நேராக லேப் | ஹெச்.பி.எல்.சி. மட்டும் | தப்பான டெஸ்ட், பொய்யான நிம்மதி |

## சொந்தத்தில் பேசியிருக்கும் கல்யாணம்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ரத்த உறவில் மணந்தவர்கள். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்பது உறவு விட்டுப்போகாமல் இருக்கச் செய்வது. அதை யாரும் இளக்காரமாகப் பேச நான் விட மாட்டேன். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அப்போதும் நூறில் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. தாய்மாமன், அக்கா மகள் என்றால் இருவருக்கும் பொதுவான மரபணுக்கள் இன்னும் இரண்டு மடங்கு.

ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு ஒடுங்கு மரபு நோய், அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால் மட்டும் வெளிப்படும் நோய், இருந்தால் இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. அப்பா அம்மா இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நூற்றுக்கு 25. "மூத்ததுக்கு வந்துட்டு, இனி மூணுக்கு வராது" என்ற கணக்கு பொய். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுதான்.

வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை, சொந்தத்தில் பேசியிருக்கிறோம் என்றால் ஒரு வீடியோ ஆலோசனையும் ஹெச்.பி.எல்.சி.யும் போதுமான தொடக்கம். யாருக்கோ ஏதோ இருந்தது என்றால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே போங்கள். பத்திரிகை அடித்த பிறகு கேட்கும் கேள்விக்கு யாரும் உண்மையாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

## எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் எல்லா ரிப்போர்ட்டும், நகல் அல்ல, மூலம். இறந்தவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதுவும். மூன்று தலைமுறைக் கொடிவழி, கலைந்த கர்ப்பங்களையும் சேர்த்து. அதை எழுதும்போது வீட்டின் மூத்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆண்களுக்கு இந்தக் கதைகள் தெரியாது.

கர்ப்பத்தில் பரிசோதனை என்று வந்தால், அதன் பக்கவிளைவுகளைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கி, அந்த மொழியிலேயே எழுத்துச் சம்மதம் வாங்கி, ஒரு நகலை அவளிடம் கொடுக்க வேண்டும் என்று 1994-ன் சட்டம் சொல்கிறது. தமிழில் கேட்டு வாங்குங்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம், டுஷேன் மாதிரி நோய்க்காகப் பார்க்கும்போதும் அப்படித்தான். நோய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் சொல்வார்கள்.

டுஷேன் பையன்களின் தாய்மாரில் மூன்றில் இரண்டு பேர்தான் கேரியர். மற்றவர்களுக்குப் பையனில் புதிதாகத் தோன்றிய மாற்றம். ஆனால் அம்மாவின் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் சில சமயம் கருமுட்டைகளில் மட்டும் அது ஒளிந்திருக்கும். அதனால் அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அப்புறம் மாமியார் வீடு. "பொம்பள வழியா வந்த சீக்கு" என்ற பேச்சு பெரியவளையும் விடவில்லை. அத்தானையும் அத்தையையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசகர் சொன்னார்: நம் ஒவ்வொருவரிடமும் வெளியே தெரியாத சில மரபணு மாற்றங்கள் இருக்கின்றன, யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை என்று. அத்தை அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பேரனைத் தூக்கிக்கொண்டு அவளே பயிற்சிக்கு வரத் தொடங்கினாள்.

ஆலோசனை முடிந்ததும் ஒரு கடிதம் கேளுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாமல், குடும்பத்தில் இன்ன மரபணு மாற்றம் இருக்கிறது, உங்களுக்கும் பார்க்கலாம், இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று உறவினர்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எங்களுக்குத் தமிழிலேயே எழுதித் தந்தார். பெரியம்மாவுக்கு இரண்டு மகள்கள், மூத்தவள் கடையத்தில். பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். போனில் சொல்ல மனம் வராமல் நானே பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே கடிதத்தை வாங்கிப் படித்தாள், இரண்டு தடவை படித்தாள், பிறகு உள்ளே போய் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து, "எப்பக்கா ரெத்தம் குடுக்கணும்?" என்றாள்.